கிருபா இன்னும் முடிக்கவில்லை

ஹெப்சிபாவுக்குப் பத்து வயது. வீட்டிலும் தெருவிலும் சர்ச்சிலும் எல்லோருக்கும் அவள் ஹெப்சிதான். நல்ல பெண். ஆனால் எதிரில் இருப்பவர் பாதி சொல்லும்போதே மீதியைத் தானே முடித்துவிடுவாள். அதுவும் தப்பாக முடித்துவிடுவாள்.

அன்று சனிக்கிழமை. அம்மா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"ஹெப்சி, ரசத்துல உப்பு..."

"இதோ போட்டுட்டேம்மா!"

அம்மா சொல்ல வந்தது, 'ரசத்துல உப்பு போட்டாச்சு, அடுப்ப மட்டும் அணைச்சிரு' என்பது. மதியம் அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடல் தண்ணியில சீரகம் போட்டுத் தாளிச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஏட்டி, நான் சொல்லி முடிக்கதுக்குள்ள ஒனக்கு என்னட்டி அவசரம்?" என்றாள் அம்மா. அம்மா ஓசூருக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது. ஆனாலும் கோபம் வந்தால் சொந்த ஊரான திருநெல்வேலி நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஹெப்சி சிரித்துக்கொண்டே தயிரை எடுத்து வைத்தாள். ரசம் உப்புக் கரித்தால் என்ன, தயிர் இருக்கிறதே! இவ்வளவுதான் அவள் கவலைப்பட்டது.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி, சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன சர்ச் ஒன்று இருந்தது. அங்கே ஞாயிறு பள்ளி நடத்தியவர் ஜெயமணி அக்கா. வாரம் முழுக்கக் கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை.

வகுப்பு முடியும்போது அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை எழுந்து ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். 'தம்பிக்குக் காய்ச்சல்', 'எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை' என்று யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சொல்ல வேண்டும். உடனே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவர் ஜெபம் செய்வார்.

அந்த ஒருவர் பெரும்பாலும் ஹெப்சிதான். அவள் ஜெபம் செய்தால் மடை திறந்த மாதிரி வரும். பெரியவர்கள்கூட நின்று கேட்டுவிட்டு, "இந்தப் புள்ளைக்கு என்னமா வருது பாரு!" என்பார்கள். அதைக் கேட்டால் ஹெப்சிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருக்கும்.

அந்த மாதம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். பெயர் கிருபாகரன், எட்டு வயது. ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

கிருபா நிறுத்தி நிறுத்திப் பேசுவான். எதைச் சொன்னாலும் எங்கேயோ தொலைவிலிருந்து ஆரம்பித்துத்தான் வந்து சேருவான். 'பென்சில் தொலைந்துவிட்டது' என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பென்சில் வாங்கிய கடையிலிருந்து தொடங்குவான்.

முதல் வாரம் அவன் எழுந்து நின்றான். "எங்கப்பாவுக்குக் கம்பெனியில ஷிப்ட மாத்திட்டாங்க. முன்னாடியெல்லாம் அப்பாதான் என்னைய..."

"ஜெபிப்போம்!" என்று சொல்லிக் கண்ணை மூடிவிட்டாள் ஹெப்சி.

ஜெபம் ஆரம்பித்துவிட்டால் குறுக்கே யார் பேச முடியும்? கிருபா திறந்த வாயை மூடிக்கொண்டான். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டான்.

கிருபாவின் அப்பா புது ஷிப்டில் தூங்கி வழியாமல் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் நல்லவராக இருக்க வேண்டும், கேன்டீன் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று ஹெப்சி ஒன்றுவிடாமல் ஜெபித்தாள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள்.

"நான் அதைக் கேக்கலக்கா" என்றான் கிருபா மெதுவாக. அதற்குள் மணி அடித்துவிட்டது. ஹெப்சியின் காதில் அது விழவே இல்லை.

அடுத்த வாரம் கிருபா மறுபடியும் எழுந்தான்.

"எங்க தெருவுல ஒரு நாய் இருந்துச்சு. அதுக்கு மணின்னு பேரு வெச்சிருந்தோம்..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "நாய்க்கெல்லாம் ஜெபமா?" என்றான் ஒருவன்.

"ஏன், நாயையும் ஆண்டவர்தானே படைச்சாரு? ஜெபிப்போம்!" என்றாள் ஹெப்சி. கிருபாவைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்குப் பெருமை. நாய்க்காக, பூனைக்காக, கெலவரப்பள்ளி அணையில் இருக்கும் மீனுக்காக என்று வரிசையாக நன்றி சொல்லி முடித்தாள். கிருபா உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. இரண்டு வாரம் எழுந்து நின்றும் அது வாயைவிட்டு வெளியே வரவில்லை. வகுப்பில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஹெப்சிக்குச் சுத்தமாகத் தோன்றவில்லை.

மூன்றாவது ஞாயிறு, கிருபாவின் அம்மா வினிதா சர்ச் வாசலிலேயே ஹெப்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, நீ நல்லா ஜெபம் பண்ணுவியாமே? இந்தக் கிருபா பள்ளிக்கூடம் விட்டு ரொம்ப நேரம் கழிச்சித்தான் வூட்டுக்கு வர்றானாம். பக்கத்து வூட்டு முனிலட்சுமி சொல்றாங்க. எங்க சுத்துறான்னே தெரியல. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குறான். அவனுக்காக ஜெபம் பண்ணும்மா."

"கவலைப்படாதீங்க ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்" என்றாள் ஹெப்சி.

அன்று ஜெயமணி அக்கா பர்திமேயு கதை சொன்னார். கண் தெரியாத பர்திமேயு வழியோரம் உட்கார்ந்திருக்கிறார். இயேசு வருகிறார் என்று தெரிந்ததும் கத்திக் கூப்பிடுகிறார். கூட்டத்தில் இருந்தவர்கள் சும்மா இரு என்று அதட்டுகிறார்கள். இயேசுவோ நின்று, அவரைப் பக்கத்தில் அழைத்து, உனக்கு நான் என்ன செய்யணும் என்று கேட்கிறார்.

"அவருக்குக் கண்ணு தெரியலன்னு பாத்தாலே தெரியுதே. அப்புறம் ஏன் இயேசு அப்படிக் கேட்டாரு?" என்றார் அக்கா.

அக்கா முடிப்பதற்குள் ஹெப்சியின் கை உயர்ந்துவிட்டது. "கூட்டத்துல சத்தம் அதிகமா இருந்திருக்கும்க்கா! காதுல விழுந்திருக்காது!"

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். "பதிலை யோசிச்சி வைங்க, அடுத்த வாரம் கேக்குறேன்" என்றார்.

ஜெபக் குறிப்பு நேரம் வந்தது. யாரும் எழுவதற்கு முன்னாலேயே ஹெப்சி தொடங்கிவிட்டாள்.

"அன்புள்ள ஆண்டவரே, எங்க கிருபாவுக்காக ஜெபிக்கிறோம். அவன் பள்ளிக்கூடம் விட்டதும் ஊர் சுத்தாம, அம்மா பேச்சைக் கேட்டு, நேரா வீட்டுக்குப் போற நல்ல புத்தியை அவனுக்குக் குடுங்க ஆண்டவரே. அம்மாவை ஏமாத்துற பழக்கத்தை அவன்கிட்டருந்து எடுத்துப்போடுங்க..."

"ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கிருபாவின் இடம் காலியாக இருந்தது.

"அவன் அழுதுகிட்டே போயிட்டான்க்கா" என்றாள் பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி. ஹெப்சி எட்டிப் பார்த்தாள். பெரியவர்கள் ஆராதனையில் கிருபா அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான்.

ஹெப்சிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜெபத்துக்கு யாராவது அழுவார்களா? அன்று முழுக்க அவளுக்குச் சோறே இறங்கவில்லை. ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா அவளைத் தையல் நூல் வாங்கி வர அனுப்பினாள். கடை பெங்களூர் ரோட்டோரம் இருந்தது. அந்த ரோட்டை அப்போதுதான் நாலு வழியாக அகலப்படுத்தியிருந்தார்கள். லாரிகளும் கம்பெனி பஸ்களும் நிற்காமல் பறக்கும். பள்ளிக்கூடம், சர்ச், ஹெப்சியின் வீடு எல்லாம் இந்தப் பக்கம். கிருபாவின் தெரு அந்தப் பக்கம்.

ரோட்டோரத்தில் முதுகில் பையோடு ஒரு சின்ன உருவம் நின்றது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உருவம் சட்டென்று பின்னால் வந்துவிட்டது. மறுபடி ஒரு கால் முன்னே, மறுபடி பின்னே.

"ஏய் கிருபா! இன்னும் வீட்டுக்குப் போகாம இங்கதான்..."

கிருபா திரும்பினான். கன்னமெல்லாம் கண்ணீர்க் கோடு. ஹெப்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பர்திமேயு நினைவுக்கு வந்தார். அவரும் இப்படித்தான் வழியோரம் இருந்தார். அவரிடமும் எல்லோரும் 'சும்மா இரு' என்றுதான் சொன்னார்கள். நின்று கேட்டவர் ஒருவர்தான்.

"கிருபா," என்றாள், "உனக்கு என்ன வேணும்?"

கிருபா அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். "வேணாம்க்கா. நான் சொல்றதுக்குள்ள நீ ஜெபம் பண்ணிடுவ."

"பண்ண மாட்டேன். பாரு, கண்ணை நல்லாத் திறந்து வெச்சிருக்கேன்."

அவள் கண்ணை அகலமாக விரித்துக் காட்டினாள். கிருபாவுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. இருவரும் கடைக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தார்கள்.

கிருபா ஆரம்பித்தான். எங்கிருந்து? நாகரசம்பட்டியிலிருந்துதான்!

"எங்க ஊர்ல மாந்தோப்பு இருக்குது..."

'தெரியும், மாங்கா ஊருதானே' என்று ஹெப்சியின் வாய் துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாந்தோப்பிலிருந்து கதை கிளம்பி, பஸ் ஏறி, ஓசூர் வந்து, வீடு பிடித்து, மெதுவாக நடந்து வந்தது. நடுவில் நாலைந்து இடத்தில் ஹெப்சிக்கு வார்த்தை வாய் வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள். சும்மா கேட்பது இவ்வளவு கஷ்டமான வேலையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அப்பாதான் தினமும் பைக்குல கூட்டியாருவாரு, கூட்டிட்டுப் போவாரு. மணி அந்தப் பக்கம் உக்காந்து எங்களுக்காகக் காத்துட்டிருக்கும். அப்புறம் அப்பாவுக்கு ஷிப்ட மாத்திட்டாங்க. அம்மாவும் கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போறாங்க. காலையில அம்மா கையப் புடிச்சிக் கூட்டியாந்து வுட்டுடுவாங்க. சாயங்காலம் நான் தனியாதான் போவணும். மொத நாளு நான் இங்க நின்னுட்டிருந்தேன். மணி என்னையப் பாத்திருச்சி. வாலை ஆட்டிக்கிட்டே ரோட்டுல ஓடியாந்துச்சி..."

கிருபா நிறுத்தினான். ஒரு லாரி கடகடவென்று கடந்து போனது.

"அதிலிருந்து எனக்குக் கால் வர மாட்டேங்குதுக்கா. யாராச்சும் பெரியவங்க வந்தா அவங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போயிடுவேன். சில நாளு யாருமே வர மாட்டாங்க."

'உங்கம்மாகிட்ட இப்பவே போய்ச் சொல்றேன்!' ஹெப்சி எழுந்தே விட்டாள். வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கிருபா இன்னும் முடிக்கவில்லை. அவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"அம்மாகிட்ட சொல்ல முடியாதுக்கா. சொன்னா வேலைய வுட்டுருவாங்க. வேலைக்குப் போனதுல இருந்து அம்மா பாட்டுப் பாடிக்கிட்டேதான் தலை சீவுறாங்க. முன்னாடியெல்லாம் பாடவே மாட்டாங்க. அதான் ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லிரலாம்னு ஜெபக் குறிப்பு சொல்ல எந்திரிச்சேன்."

ஹெப்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஷிப்டுக்கு ஒரு ஜெபம், நாய்க்கு ஒரு ஜெபம், கடைசியில் திட்டுவதற்கு ஒரு ஜெபம். இவன் கேட்க வந்ததை மட்டும் அவள் கேட்கவே இல்லை.

"என்னை மன்னிச்சிருடா கிருபா. நீ ஊர் சுத்துறன்னு நானா முடிவு பண்ணி, எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டிட்டேன். அது ஜெபமே இல்ல."

"பரவால்லக்கா" என்றான் கிருபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்போ ஆண்டவர்கிட்ட என்னதான் கேக்க நெனச்ச?"

"ரோட்டத் தாண்டுறப்ப கூட யாராச்சும் இருக்கணும்னு. அவ்ளோதான்."

ஹெப்சி யோசித்தாள். இங்கே தாண்டுவது அவளுக்கே பயம்தான். அப்போது அவள் அப்பாவின் கம்பெனி நினைவுக்கு வந்தது. அது கொஞ்ச தூரத்தில், ரோட்டின் இதே பக்கம் இருந்தது.

"எனக்கு ஒண்ணு தோணுது. சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அனுமதி கேட்டாள்!

"சொல்லுக்கா."

"எங்கப்பா கம்பெனியில ஷிப்ட் விட்டு பஸ்ஸெல்லாம் வெளிய வர்ற நேரம் இது. கேட்டுல இருக்கிற வாட்ச்மேன் சிவப்புக் கொடியை நீட்டி ரெண்டு பக்கமும் வண்டிய நிறுத்துவாரு. அவரோட சேர்ந்து போனா என்ன?"

இருவரும் ரோட்டோரமாகவே நடந்து கம்பெனி வாசலுக்குப் போனார்கள். வாட்ச்மேன் கங்கப்பன் பெரிய மீசைக்காரர். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம்.

"ஏனு மகளே, அப்பாவைப் பாக்க வந்தியா?" என்றார்.

"இல்ல மாமா. கிருபா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு ஹெப்சி ஒதுங்கி நின்றாள்.

கிருபா கேட்டான். மாந்தோப்பிலிருந்துதான் தொடங்கினான். பாவம் கங்கப்பன், ஒரு கையில் கொடியும் வாயில் விசிலுமாக, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு கிருபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசில் ஒலித்தது. சிவப்புக் கொடி நீண்டது. அத்தனை லாரிகளும் புஸ்ஸென்று மூச்சுவிட்டு நின்றன. கிருபா ஹெப்சியைத் திரும்பிப் பார்த்தான்.

"நானும் வரட்டுமா?"

"வா."

"நிதானா, நிதானா!" என்று கங்கப்பன் சொல்லச் சொல்ல, மூவரும் ரோட்டைத் தாண்டினார்கள். அந்தப் பக்கம் மண்ணை மிதித்ததும் கிருபா ஒரே ஓட்டமாகத் தெருவுக்குள் ஓடினான். அடுத்த பஸ்ஸுக்காகக் கங்கப்பன் மறுபடி கொடியை நீட்டியபோது ஹெப்சி அவரோடு திரும்பி வந்தாள்.

நூல் வாங்க மறந்தே போயிருந்தாள். அதற்கு வீட்டில் கிடைத்த திருநெல்வேலி வசவை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் ஹெப்சி கம்பெனி கேட் வரைக்கும் கிருபாவோடு நடந்தாள். சனிக்கிழமை அவளே சொன்னாள்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு கிருபா. இப்பதான் பத்திரமா ஒரு வழி இருக்கே. வழியையும் சேத்துச் சொல்லு. நான் பக்கத்துல நிக்குறேன்."

ஞாயிறு காலை சர்ச் வாசல். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கிருபா போனான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நம்ம ஊர்லருந்து வந்தப்ப..."

"நேரமாயிருச்சி கண்ணு, அப்புறம் சொல்லு. பொத்தானைப் போடு. தலை ஏன் இப்படிக் கலைஞ்சி..."

"ஆன்ட்டி," என்றாள் ஹெப்சி, "கிருபா இன்னும் முடிக்கல."

வினிதா நிமிர்ந்து ஹெப்சியைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே முதல் பாட்டு தொடங்கியது, முடிந்தது, இரண்டாவது பாட்டும் தொடங்கிவிட்டது. கிருபா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

"எங்கிட்ட ஏன் கண்ணு சொல்லல?" என்று கடைசியில் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நீங்க பாடுறது நின்னுருமேன்னுதான்."

வினிதா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கே அந்த கேட்டுக்காரரை நான் வந்து பாத்துப் பேசுறேன். வேலையும் நிக்காது, பாட்டும் நிக்காது. சரியா?"

வகுப்பில் ஜெயமணி அக்கா மறக்காமல் கேட்டார். "போன வாரக் கேள்வி என்ன ஆச்சு? கண்ணு தெரியாதவர்கிட்ட, உனக்கு என்ன வேணும்னு இயேசு ஏன் கேட்டாரு?"

எல்லோரும் ஹெப்சியைப் பார்த்தார்கள். அவள் கை மடியிலேயே இருந்தது. பின்னால் கிருபாவின் கை உயர்ந்தது.

"அவரு வாயால சொல்லட்டும்னுதான்க்கா" என்றான்.

ஜெபக் குறிப்பு நேரம் வந்ததும் கிருபா எழுந்து முன்னால் போய் நின்றான். மாந்தோப்பு, பஸ், வீடு, மணி, லாரி, சிவப்புக் கொடி எல்லாம் வந்தன. மணியைப் பற்றிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. சிரித்த பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

கிருபா முடித்துவிட்டு நின்றான். அப்போதும் ஹெப்சி கொஞ்சம் பொறுத்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. அவ்ளோதான்."

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஹெப்சியின் ஜெபம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்ததுதான். சில பேர் வசதியாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள்.

"ஆண்டவரே," என்றாள் ஹெப்சி, "கிருபா சொன்னதை நாங்க கேட்டோம். எங்களுக்கு முன்னாடியே நீங்க கேட்டுட்டீங்க. ஸ்தோத்திரம். ஆமென்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெயமணி அக்கா உட்பட எல்லோரும் மீதிக்காகக் காத்திருந்தார்கள்.

கிருபா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "முடிச்சிட்டியாக்கா?" என்று கிசுகிசுத்தான்.

"முடிச்சிட்டேன்டா" என்றாள் ஹெப்சி.